இணையம் அறுந்தாலும் இயங்க வேண்டிய வீடு

சேலம் அஸ்தம்பட்டியிலும் அதை ஒட்டிய கன்னங்குறிச்சி, அழகாபுரம், பேர்லாண்ட்ஸ் பகுதிகளிலும் இப்போது வீடு கட்டுகிறவர்கள் ஒயரிங் வேலை தொடங்கும்போதே ஒரு முடிவை எடுக்க வேண்டியிருக்கிறது. விளக்கு, ஃபேன், வாசல் கேமரா, கதவுப் பூட்டு, தண்ணீர் மோட்டார் ஆகியவற்றைச் செல்போனிலிருந்து இயக்கும்படி வைப்பதா, பழையபடி சுவர் சுவிட்சோடு நிறுத்திக்கொள்வதா? இது வெறும் ஆசையால் எழுகிற கேள்வி இல்லை. பிள்ளைகள் பெங்களூரிலோ துபாயிலோ வேலை பார்க்க, பெற்றோர் மட்டும் தனித்திருக்கும் வீடுகள் இங்கே பல. மாநகராட்சித் தண்ணீர் தினமும் வராத தெருக்களில், வந்த தண்ணீரை வீணாக்காமல் தொட்டியில் ஏற்றிக்கொள்வதே தனி வேலை. முழங்கால் வலியோடு படியேறுகிறவருக்கு மொட்டைமாடி விளக்கைக் கீழிருந்தே அணைக்க முடிவது பெரிய உதவி. எனவே இந்தக் கருவிகள் வேண்டுமா வேண்டாமா என்பது இங்கே பேச்சில்லை. அவற்றுக்கு உத்தரவிடும் மூளை எங்கே இருக்கிறது என்பதே பேச்சு. வீட்டின் அன்றாட இயக்கம் வீட்டுக்குள்ளேயே முடிவாக வேண்டும். வெளியே இருக்கும் சர்வர் கூடுதல் வசதி தரலாமே தவிர, அது இல்லாவிட்டால் விளக்கு எரியாது, கதவு திறக்காது என்ற நிலை வரக் கூடாது. தமிழ்நாட்டிலும் வெளிநாடுகளிலும் கடந்த பத்தாண்டுகளில் நடந்தவை இந்த முடிவுக்கே கொண்டுசேர்க்கின்றன.

முதலில் இயங்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். மலிவான வைஃபை பல்பு ஒன்றை வாங்கி மாட்டுகிறோம். செயலியில் விரலை வைத்ததும், பல்பு பத்தடி தூரத்தில் இருந்தாலும், கட்டளை பெரும்பாலும் நேராக அதனிடம் போவதில்லை. ரவுட்டர் வழியாக வெளியேறி, மும்பையிலோ சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ உள்ள தரவு மையத்தைத் தொட்டு, அங்கே கணக்கும் கடவுச்சொல்லும் சரிபார்க்கப்பட்டு, மறுபடி அதே ரவுட்டர் வழியாக வீட்டுக்குள் வந்து பல்பை எரிய வைக்கிறது. ஒரு நொடிக்குள் எல்லாம் முடிந்துவிடுவதால் இந்தப் பயணம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. சில கருவிகள் ஒரே வைஃபையில் இருக்கும்போது நேரடியாகவும் பேசும். ஆனால் அவற்றிலும் முதல் பதிவு, குரல் கட்டளை போன்றவற்றுக்குச் சர்வர் தேவைப்படுகிறது. இன்னொரு செய்தியும் இதில் அடங்கியிருக்கிறது. சீனாவின் ஹாங்சோவில் தலைமையகம் கொண்ட துயா போன்ற நிறுவனங்கள் சிப், செயலி, சர்வர் மூன்றையும் சேர்த்து மற்ற நிறுவனங்களுக்குத் தருகின்றன. கடை அலமாரியில் வேறு வேறு பெயர்களில் நிற்கும் பல்புகளுக்கும் பிளக்குகளுக்கும் பின்னால் ஒரே சர்வர் இருக்க வாய்ப்புண்டு. பிராண்டை மாற்றி மாற்றி வாங்கியதால் மட்டும் ஆபத்து குறைந்துவிடாது.

தமிழ்நாடு ஏற்கெனவே பார்த்தவை

தொலைவில் உள்ள ஒருவர் கையை எடுத்தால் வீட்டுக்குள் உள்ள பொருள் செத்துப்போவது தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனத்தின் செட்டாப் பாக்ஸ்கள் பல மாவட்டங்களில் ஒரே நேரத்தில் ஒளிபரப்பை இழந்தன. பாதிக்கப்பட்ட இணைப்புகள் ஏறத்தாழ 20 லட்சம். பெட்டியில் பழுதில்லை, கேபிள் அறுபடவில்லை, சந்தாதாரர்கள் கட்டணமும் செலுத்தியிருந்தார்கள். யாருக்கு எந்தச் சேனல் தெரிய வேண்டும் என்று தலைமை நிலையத்தில் தீர்மானிக்கும் மென்பொருளில், அதை வழங்கிவந்த தனியார் நிறுவனத்தோடு ஏற்பட்ட சிக்கலே காரணம். உள்ளூர் கேபிள்காரரால் எதையும் சரிசெய்ய முடியவில்லை. அவர் கையில் இருந்தது ஒயர், அதிகாரம் வேறிடத்தில் இருந்தது. தொலைக்காட்சி சில நாள் தெரியாமல் போவது பொறுத்துக்கொள்ளக்கூடிய இழப்பு. அதே கட்டமைப்பில் கதவுப் பூட்டும் தண்ணீர் மோட்டாரும் இருந்தால் அப்படிச் சொல்ல முடியாது.

அதற்கு முன்பே ஏர்செல் பாடம் நடத்தியது. தமிழ்நாட்டில் தோன்றி, பல ஆண்டுகள் இம்மாநிலத்தின் முன்னணி செல்போன் நிறுவனமாக விளங்கிய ஏர்செல், 2018 பிப்ரவரியில் சிக்னலை இழந்தது. அடுத்த சில நாள்களில் திவால் நடவடிக்கைக்காகத் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தை அணுகியது. லட்சக்கணக்கானோர் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதற்கான குறியீட்டைப் பெற வழியின்றித் தவித்தனர். வங்கிக் கணக்கு, ஆதார், சமையல் எரிவாயு என்று எதனோடெல்லாம் அந்த எண் இணைந்திருந்ததோ அதெல்லாம் சிக்கலானது. நன்றாக நடக்கும் பெரிய நிறுவனம் என்ற நம்பிக்கை ஒரே வாரத்தில் தகர முடியும் என்பதற்கு இதைவிட அருகில் சான்று தேட வேண்டியதில்லை. அதே ஆண்டு மே 22 அன்று தூத்துக்குடியில் போராட்டக்காரர்கள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையச் சேவையை ஐந்து நாள்களுக்கு முடக்க அரசு உத்தரவிட்டது. நிறுவனமும் சர்வரும் நலமாக இருந்தாலும், இடையில் உள்ள பாதையை அரசே மூடலாம் என்பது அப்போது தெளிவானது. இயற்கையும் மூடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை உள்மாவட்டங்களுக்கு வந்தபோது ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. சேலமும் ஏற்காடும் பாதிக்கப்பட்டன. கடலோரத்துக்கு மட்டுமே புயல் என்று உள்மாவட்டத்தார் இனி இருந்துவிட முடியாது.

மூன்று வகைச் சேதங்கள்

உலக அளவில் கிளவுடை, அதாவது வெளியே உள்ள சர்வரை, சார்ந்த வீட்டுக் கருவிகளால் விளைந்த சேதங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, தற்காலிகத் தடை. 2025 அக்டோபர் 20, தமிழ்நாட்டில் தீபாவளி. அன்று இந்திய நேரப்படி நண்பகல் வாக்கில், அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள அமேசான் வெப் சர்வீசஸ் தரவு மையத் தொகுதியில் கோளாறு தொடங்கியது. ஒரு தரவுத்தளச் சேவையின் முகவரிப் பதிவைத் தானாகப் புதுப்பிக்கும் மென்பொருளின் பிழையால் அந்தப் பதிவு காலியாகிப்போனது. அலெக்சா, ரிங் கேமரா உட்பட உலகெங்கும் ஏராளமான சேவைகள் பல மணி நேரம் தடுமாறின. எய்ட் ஸ்லீப் என்ற நிறுவனத்தின் வெப்பம் சரிசெய்யும் படுக்கைகள் அமெரிக்காவில் அப்போது படுத்திருந்தவர்களின் சொல்லைக் கேட்கவில்லை. சில படுக்கைகள் சூடாகவே நின்றுவிட்டன. அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, இணையம் இல்லாதபோது செல்போனிலிருந்து புளூடூத் வழியாக நேரடியாக இயக்கும் வசதியைச் சில நாள்களிலேயே வெளியிட்டது. சில நாள்களில் செய்ய முடிந்த ஒன்றை முதலிலேயே செய்யாமல் விட்டிருந்தார்கள் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. உள்ளூரிலேயே இயங்க வைப்பதற்குத் தொழில்நுட்பம் தடையாக இருக்கவில்லை. வணிகத் தேர்வே தடையாக இருந்தது.

இரண்டாவது, நிரந்தர மரணம். ரிவால்வ் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டி 300 டாலருக்கு விற்றது. அதைத் தயாரித்த நிறுவனத்தை கூகுளின் நெஸ்ட் 2014இல் வாங்கியது. 2016 மே மாதம் சர்வரை நிறுத்தியதும், வாங்கியவர்கள் கையில் இருந்தது பயனற்ற பிளாஸ்டிக். அமெரிக்க வணிக நிறுவனமான லோவ்ஸ் தன் ஐரிஸ் சேவையை 2019 மார்ச் 31 அன்று மூடியது. விங்க் நிறுவனம் 2020 மே மாதம், மாதம் 5 டாலர் கட்டாவிட்டால் சேவை இல்லை என்று ஒரு வார அவகாசத்தில் அறிவித்தது. எதிர்ப்புக்குப் பிறகு காலக்கெடுவைத் தள்ளிவைத்தாலும் கட்டணத்தைக் கைவிடவில்லை. இன்ஸ்டியான் 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பே இல்லாமல் சர்வரை அணைத்தது. பெல்கின் நிறுவனம் தன் வீமோ கருவிகள் பலவற்றுக்கான கிளவுட் ஆதரவு 2026 ஜனவரி 31 அன்று முடியும் என்று 2025 ஜூலையில் அறிவித்தது. கடைசி இரண்டு நிகழ்வுகளில் ஒரு நுட்பம் உள்ளது. இன்ஸ்டியானின் செயலி செத்த பிறகும், ஒன்றோடொன்று நேரடியாக இணைக்கப்பட்டிருந்த சுவிட்சுகளும் விளக்குகளும் தொடர்ந்து இயங்கின. வீமோவிலும், வீட்டுக்குள்ளேயே இயங்கும் ஆப்பிள் ஹோம்கிட் முறையில் முன்பே சேர்க்கப்பட்டவை தொடர்ந்து இயங்கும் என்று நிறுவனமே சொன்னது. ஒரே பிராண்டுக்குள், சர்வரை நம்பியது வீழ்ந்தது. வீட்டை நம்பியது நிலைத்தது.

மூன்றாவது சேதம், வீட்டின் அந்தரங்கம் வெளியேறுவது. 2024 பிப்ரவரியில் வைஸ் கேமரா நிறுவனத்தின் சேவை தடைப்பட்டு மீண்டபோது, சுமார் 13,000 பயனர்களுக்கு அடுத்தவர் வீட்டுக் கேமராப் படங்கள் தெரிந்தன. ரிங் நிறுவன ஊழியர்களும் ஒப்பந்தக்காரர்களும் வாடிக்கையாளரின் தனிப்பட்ட வீடியோக்களைப் பார்க்க முடிந்தது என்ற குற்றச்சாட்டில், 2023 மே மாதம் அமெரிக்க வணிக ஆணையத்துடன் 58 லட்சம் டாலருக்கு அந்நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. இந்தியாவிலும் 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் சிசிடிவி காட்சிகள் திருடப்பட்டு விற்கப்பட்டது தெரியவந்தபோது நாடு அதிர்ந்தது. ஆலையிலிருந்து வந்த எளிய கடவுச்சொல்லை மாற்றாமல் கேமராக்களை இணையத்தில் திறந்து வைப்பதால் இத்தகைய திருட்டுகள் எளிதாகின்றன. படுக்கையறை வாசல்வரை கேமரா வைக்கும் வழக்கம் பரவும் காலத்தில், காட்சி எந்த நாட்டில், யார் வட்டில் சேமிக்கப்படுகிறது என்று தெரியாமல் இருப்பது பெண்களையும் குழந்தைகளையும் முதலில் பாதிக்கும்.

ஏன் இது திரும்பத் திரும்ப நடக்கிறது

இவற்றை ஒவ்வொரு நிறுவனத்தின் தனித் தவறாகப் பார்த்தால் காரணம் பிடிபடாது. கருவியை நாம் ஒரே ஒரு முறை விலை கொடுத்து வாங்குகிறோம். அதற்காக நிறுவனம் சர்வருக்கும் மின்சாரத்துக்கும் பொறியாளருக்கும் மாதாமாதம் செலவழித்துக்கொண்டே இருக்க வேண்டும். 600 ரூபாய் பல்பில் கிடைத்த லாபம் சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். பல்பு அதற்குப் பிறகும் எரியும். அப்போது நிறுவனத்துக்கு எஞ்சியிருக்கும் வழிகள் குறைவு: புதிய விற்பனையால் பழைய செலவை ஈடுகட்டுவது, மாதக் கட்டணம் கேட்பது, பயனரின் தகவலைப் பணமாக்குவது, அல்லது மூடுவது. முதல் வழி விற்பனை வளரும்வரைதான் தாக்குப்பிடிக்கும். விங்க் இரண்டாவது வழியில் போனது, ரிவால்வ் நான்காவது வழியில் போனது. இதில் நிர்வாகிகளின் நல்லெண்ணம் அல்லது கெட்ட எண்ணம் இரண்டாம் பட்சம். ஒருமுறை விலை, முடிவில்லாச் செலவு என்ற கணக்கே இந்த முடிவுகளை நோக்கித் தள்ளுகிறது. வீட்டின் ஒயரிங் முப்பது ஆண்டுகளுக்கு என்று போடுகிறோம், கதவு ஐம்பது ஆண்டுகளுக்கு என்று செய்கிறோம். ஐந்தாறு ஆண்டுகளில் திட்டம் மாறக்கூடிய ஒரு நிறுவனத்தின் வரவு செலவோடு அவற்றைப் பிணைப்பது பொருந்தாக் கணக்கு.

எதிர்வாதங்கள்

சர்வர் ஆண்டுக்கு ஒருமுறை விழுகிறது, கரண்ட் அதைவிட அடிக்கடி போகிறது, பிறகு ஏன் கிளவுடை மட்டும் குறை சொல்ல வேண்டும் என்பது முதல் வாதம். மின்தடை அடிக்கடி வருவதாலேயே அதற்கான ஏற்பாடும் நம் வீடுகளில் உண்டு. 2008க்குப் பிந்தைய கடும் மின்வெட்டு ஆண்டுகளில் சேலம் வீடுகளில் இன்வெர்ட்டர் நுழைந்தது, இன்றுவரை இருக்கிறது. பராமரிப்புக்கான மின்தடை முன்கூட்டியே நாளிதழில் வருகிறது. கரண்ட் போனாலும் பூட்டு சாவிக்குத் திறக்கும். சர்வர் விழுந்தால் வீட்டுக்காரரிடம் மாற்று ஏற்பாடு எதுவும் இல்லை. மேலும் மின்தடை எவ்வளவு நீண்டாலும் கரண்ட் திரும்பி வரும். மூடப்பட்ட சேவை பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. அரிதாக நடப்பது என்பதை வைத்து மட்டும் ஆபத்தை அளக்கக் கூடாது. நடந்தால் மீள வழி உண்டா என்பதையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

இரண்டாவது வாதம் வலுவானது. பெரிய நிறுவனத்தின் சர்வரோடு இணைந்த கருவிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக வந்து சேரும். வீட்டுக்காரர் தானே பார்த்துக்கொள்ளும் கருவி கவனிப்பாரற்றுக் கிடந்து திருடர்களுக்குத் திறந்த வாசலாகும் என்கிறார்கள். இதற்குச் சான்றும் உண்டு. 2016 அக்டோபர் 21 அன்று, கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் கைப்பற்றிய மிராய் என்ற தீநிரல், அவற்றைப் படையாகத் திரட்டி டைன் என்ற முகவரிச் சேவை நிறுவனத்தைத் தாக்கியது. அமெரிக்காவின் முன்னணி இணையதளங்கள் பல முடங்கின. ஆனால் அந்தக் கருவிகள் பிடிபட்டதற்குக் காரணம் அவை இணையத்திலிருந்து யாரும் தட்டக்கூடிய நிலையில் இருந்ததுதான். வெளியிலிருந்து தொட முடியாதபடி ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் கருவியை அவ்வாறு பிடிப்பது மிகக் கடினம். திருத்தங்கள் நிறுவனத்திடமிருந்து வரட்டும், அது தேவையே. திருத்தம் வாங்குவதற்கு இணையத்தைத் தொடுவதும், விளக்கை எரிய வைக்கவே இணையத்தைத் தொடுவதும் வெவ்வேறு. திருத்தத்தையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கக் கூடாது: 2017 ஆகஸ்டில் லாக்ஸ்டேட் நிறுவனம் தொலைவிலிருந்து அனுப்பிய தவறான புதுப்பிப்பு சுமார் 500 பூட்டுகளைச் செயலிழக்க வைத்தது. அப்போது உரிமையாளர்களுக்குக் கைகொடுத்தது பழைய உலோகச் சாவி.

மூன்றாவது வாதம் நம் ஊர்க் குடும்பங்களின் நிலைமையிலிருந்து எழுவது. துபாயில் இருக்கும் மகன், அஸ்தம்பட்டியில் தனியாக இருக்கும் அம்மாவைக் கேமராவில் பார்க்க வேண்டுமென்றால் இணையம் இல்லாமல் முடியுமா? முடியாது. தொலைவிலிருந்து பார்ப்பதற்கு வெளிப்பாதை வேண்டும். அந்த வசதியை யாரும் மறுக்கத் தேவையில்லை. ஆனால் காட்சிப் பதிவு வீட்டிலுள்ள ரெக்கார்டரின் ஹார்டு டிஸ்கில் நடந்து, மகன் பார்க்கும்போது மட்டும் வெளியே போவது ஒரு முறை. பதிவு முழுவதும் அயல்நாட்டு வட்டில் மட்டும் இருந்து, சந்தா முடிந்தால் பழைய காட்சியே கிடைக்காது என்பது இன்னொரு முறை. முதல் முறையில் இணையம் போனால் மகனுக்குச் சில மணி நேரம் காட்சி தெரியாது, பதிவு தொடரும். இரண்டாவது முறையில் அந்த நேரத்தில் நடந்ததற்குச் சாட்சியே இல்லாமல் போகலாம். அம்மாவின் பாதுகாப்புதான் நோக்கமென்றால் முதல் முறையே அதற்கு உகந்தது.

உள்ளூரில் இயங்கும் முறை படித்த இளைஞருக்குத்தான் கைவரும், சாதாரணக் குடும்பத்துக்கு ஆகாது என்பது நான்காவது வாதம். ஐந்தாண்டுகளுக்கு முன் இதில் உண்மை அதிகம். 2013இல் தொடங்கிய ஹோம் அசிஸ்டென்ட் என்ற கட்டற்ற மென்பொருள், சிறு கணினி ஒன்றிலேயே வீடு முழுவதையும் இயக்கினாலும், அதை நிறுவிப் பராமரிக்கப் பொறுமை வேண்டும். 2022 அக்டோபரில் வெளிவந்த மேட்டர் என்ற பொதுத் தரம் இந்தத் தடையைத் தாழ்த்தியிருக்கிறது. ஆப்பிள், கூகுள், அமேசான், சாம்சங் ஆகியவை சேர்ந்து ஏற்ற இந்தத் தரத்தில், கருவிகள் வீட்டு வலையமைப்புக்குள்ளேயே பேசிக்கொள்வதுதான் அடிப்படை; ஒரு நிறுவனத்தின் செயலி போனாலும் இன்னொன்றில் சேர்க்கலாம். விலை கூடுதல், எல்லா வகைக் கருவிகளும் இன்னும் வரவில்லை என்பவை நியாயமான குறைகள். அவற்றையும் மீறி, வீட்டுக்கு ஒயரிங் செய்யும் எலக்ட்ரீஷியன் கற்றுக்கொள்ளக்கூடிய அளவுக்கு இது வந்துவிட்டது.

நாமக்கல் சொல்லும் வழி

எப்படி அமைப்பது என்பதற்கு இந்த வட்டாரத்திலேயே முன்மாதிரி உண்டு. நாமக்கல் பண்ணைகளில் வரத் தொடங்கியிருக்கும் இ.சி. ஷெட்டுகள், அதாவது தட்பவெப்பம் கட்டுப்படுத்தப்பட்ட மூடிய கோழிக் கொட்டகைகள், ராட்சத விசிறிகளையும் தண்ணீர் நனைக்கும் அட்டைகளையும் நம்பியிருப்பவை. கோடைப் பகலில் விசிறி நின்றால் மிகக் குறைந்த நேரத்தில் கோழிகள் கொத்தாகச் சாகும். அங்கே எந்த விசிறி எப்போது ஓட வேண்டும் என்று முடிவெடுப்பது ஷெட்டிலேயே பொருத்தப்பட்ட கட்டுப்பாட்டுப் பெட்டி. கரண்ட் போனால் ஜெனரேட்டர், ஏதேனும் தவறினால் சங்கு. செல்போனுக்கு வரும் தகவல் உரிமையாளர் அறிந்துகொள்வதற்காக. ஷெட் இயங்குவதற்கு அது தேவையில்லை. விவசாயக் கிணறுகளில் பல ஆண்டுகளாகப் புழங்கும் மொபைல் ஸ்டார்ட்டரும் இதே நெறியில் அமைந்தது. போன் போட்டால் மோட்டார் ஓடும், டவர் இல்லாவிட்டால் பேனலில் பச்சைப் பட்டனை அழுத்தலாம். தண்ணீர் வற்றினால் மோட்டாரை நிறுத்தும் காப்பு அந்தப் பேனலுக்குள்ளேயே இருக்கிறது. உயிரும் பணமும் பணயமாகும் இடத்தில் பண்ணையாளரும் விவசாயியும் இயல்பாகவே கடைப்பிடிக்கும் நெறி, வீட்டுக்கு வரும்போது மட்டும் மறந்துபோக வேண்டியதில்லை.

அந்த நெறியை வீட்டில் செயல்படுத்த முதல் வேலை கட்டும்போதே நடக்க வேண்டும். நம் வீடுகளில் சுவிட்ச் பாக்ஸுக்கு நியூட்ரல் ஒயர் பெரும்பாலும் வருவதில்லை. அதை ஒவ்வொரு பெட்டிக்கும் இழுத்துவிட்டால், சுவருக்குள் சுவிட்சின் பின்னால் பொருத்தும் ஸ்மார்ட் மாட்யூல்களைப் பயன்படுத்தலாம். சுவிட்சைத் தட்டினாலும் விளக்கு எரியும், செல்போனிலும் எரியும். கேமரா வரும் இடங்களுக்கு நெட்வொர்க் கேபிளைப் பைப்பில் இப்போதே விட்டுவிடுவது, ரவுட்டரை இன்வெர்ட்டர் லைனில் சேர்ப்பது, தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்தச் சென்சரோடு கூடிய உள்ளூர்க் கட்டுப்பாட்டுப் பெட்டியை வைப்பது, சாவித் துவாரம் உள்ள பூட்டை மட்டும் வாங்குவது ஆகியவை பெரிய செலவில்லாதவை. வாங்கும் முன் கடைக்காரரிடம் ரவுட்டருக்கு வரும் இணையக் கம்பியைக் கழற்றச் சொல்லிவிட்டுக் கருவியை இயக்கிக் காட்டக் கேட்கலாம். இயங்காதது எதுவோ, அதை அலங்கார விளக்கு போன்ற, நின்றாலும் நட்டமில்லாத இடத்துக்கு மட்டும் ஒதுக்க வேண்டும்.

தனிமனித எச்சரிக்கை மட்டும் போதாது. பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் ஆலைக் கடவுச்சொற்களுக்குத் தடை விதித்து, எவ்வளவு காலம் பாதுகாப்புத் திருத்தம் தருவோம் என்று நிறுவனங்கள் வெளிப்படையாகச் சொல்வதைக் கட்டாயமாக்கியது. 2024 டிசம்பரில் அமலுக்கு வந்த, இதேபோன்ற ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தின் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் முதல் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும். இந்தியாவும் 2025 ஏப்ரல் 9 முதல் இணைய சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இது நல்ல தொடக்கம். பூட்டுக்கும் சுவிட்சுக்கும் மோட்டார் கட்டுப்பாட்டுக்கும் இது நீள வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, தகுந்த காரணமின்றி ஒரு தரப்பு மட்டும் ஒப்பந்தத்தை முறிக்க இடம்தரும் விதியை நியாயமற்ற ஒப்பந்தமாகக் கருதி, மாநில ஆணையத்தை அணுக வழிவிடுகிறது. மத்திய நுகர்வோர் துறை 2022இல் தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைக்கான முயற்சியும் இருக்கிறது. இவற்றோடு இரண்டு விதிகள் சேர வேண்டும். பெட்டியின் மேலேயே, இணையம் இல்லாமல் இக்கருவி எதைச் செய்யும், சர்வர் எந்த ஆண்டுவரை இயங்கும் என்று தமிழில் அச்சிட வேண்டும். சேவையை மூடும் நிறுவனம், கருவியை உள்ளூரில் இயக்குவதற்கான மென்பொருளைத் திறந்து கொடுத்துவிட்டுத்தான் மூட வேண்டும். மருந்துக்குக் காலாவதித் தேதி போடுவதைக் கட்டாயமாக்கிய நாட்டில் இது நடக்க முடியாத காரியமில்லை.

கிளவுட் தரும் வசதிகள் மெய்யானவை. தூரத்தில் இருப்பவரை வீட்டோடு சேர்த்துவைக்கும் அதன் ஆற்றலும் மெய்யானது. ஆனால் வீடு என்பது குடியிருப்பவர் தம் விருப்பப்படி கதவைத் திறக்கவும் விளக்கை ஏற்றவும் தண்ணீர் எடுக்கவும் உரிமையுள்ள இடம். அந்த உரிமையை, எப்போது மூடப்படும் என்று தெரியாத ஒரு சேவையின் நிபந்தனைகளுக்கு உட்படுத்துவதற்கு எந்த வசதியும் ஈடாகாது. அடுத்த பத்தாண்டுகளில் சேலத்திலும் நாமக்கல்லிலும் எழப்போகும் வீடுகளுக்கு இப்போதுதான் ஒயரிங் நடக்கிறது. சுவர் பூசிய பிறகு மாற்றுவது கடினம். கட்டுகிறவரும் எலக்ட்ரீஷியனும் கடைக்காரரும் சட்டம் இயற்றுகிறவரும் தத்தம் பங்கைச் செய்ய வேண்டிய நேரம் இது.